கிணற்றில் பெட்ரோல் வாடை: தூர் வாரினால் போகுமா?

கேள்வி: திருவான்மியூரில் 16 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடியில் 28 அடி உறைக்கிணறு ஒன்றும் 110 அடி போர் ஒன்றும் இருக்கின்றன. போன ஆடியில் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு தானாகவே போய்விட்டது. இப்போது பங்குனி பிறந்ததும் மறுபடி வந்துவிட்டது. தண்ணீரின் மேல் மெல்லிய படலமும் தெரிகிறது. தெருமுனையில், சுமார் 70 மீட்டர் தள்ளி, பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது. டேங்கில் ஓட்டை கிடையாது, கணக்கில் குறைவே இல்லை என்கிறார் டீலர். படிகாரம், பிளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். லேபில் கொடுத்ததில் ‘எண்ணெய், கிரீஸ்: இல்லை’ என்று வந்தது. தூர் வாரினால் சரியாகுமா? ஆர்.ஓ. போடலாமா? கிணற்றை மூடிவிட்டு 200 அடிக்குப் புது போர் போடலாமா?
(அசோசியேஷன் செயலாளர், திருவான்மியூர்)

பதில்:

தூர் வார ஆளை இறக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. கிணற்றின் அடியில் போய் உட்காரும். இறங்குகிறவர் சில நொடிகளில் மயங்கி விழலாம், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். ஆகவே கிணற்று மோட்டாரை நிறுத்துங்கள், மூடியின்மேல் பூட்டுப் போடுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் வேண்டாம். லிஃப்ட் குழி, சம்ப், தரைக்குக் கீழே இருக்கும் மீட்டர் ரூம் இவற்றையும் முகர்ந்து பாருங்கள். அங்கே வாடை இருந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். எரிவாயு அளக்கும் மீட்டரில் தீப்பற்றும் அளவின் பத்தில் ஒரு பங்கு காட்டினாலே அந்த இடத்தில் ஆள் இருக்கக் கூடாது.

அடுத்தது, இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமல்ல, குளிக்கவும் வேண்டாம். பெட்ரோலில் கரைந்து வருவதில் நாம் பயப்பட வேண்டிய பொருள் பென்சீன். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. காய்ச்சினால் போய்விடும் என்பது பாதி உண்மை: தண்ணீரிலிருந்து போகும், அடுப்படிக் காற்றில் கலந்து மூச்சில் ஏறும். வெந்நீர்க் குளியலிலும் அதே கதைதான். படிகாரம் கலங்கலை உட்கார வைக்கும், பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். பென்சீனுக்கு இரண்டும் சம்பந்தமே இல்லாதவை. ஆர்.ஓ.வையும் நம்ப வேண்டாம். உப்பைத் தடுக்கிற சவ்வு பென்சீன் போன்ற சிறிய, மின்னூட்டமில்லாத மூலக்கூறை ஒழுங்காகத் தடுப்பதில்லை. டி.டி.எஸ். மீட்டருக்கோ பெட்ரோல் இருப்பதே தெரியாது. நல்ல கார்பன் வடிகட்டி பென்சீனைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அது எப்போது நிரம்பி வழியத் தொடங்குகிறது என்பதை லேப் சோதனை சொல்லுமே தவிர நாக்கும் மூக்கும் சொல்லாது. 16 வீடுகள் அந்த ஒழுங்கை மாதாமாதம் காப்பாற்றும் என்று நம்பிக் குடிநீரை அதில் விடச் சொல்ல மாட்டேன். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், கேன் என்று இப்போதைக்கு ஓட்டுங்கள்.

மெட்ரோ வாட்டரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பங்க் பக்கமிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் பிளாஸ்டிக்காக இருந்து, அது எண்ணெய் ஊறிய மண்ணுக்குள் படுத்திருந்தால், பென்சீன் குழாயின் சுவர் வழியாகவே உள்ளே ஊடுருவும். ஓட்டை வேண்டியதில்லை. மூட்டுகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இன்னும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். தண்ணீர் வராத நேரத்தில் குழாய்க்குள் தேங்கி நிற்பதில்தான் அளவு ஏறும். அதனால் காலையில் மெட்ரோ வாட்டர் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீரையும் ஒரு மாதிரி எடுத்துச் சோதியுங்கள். பென்சீன் தெரிந்தால் அந்தத் துண்டுக் குழாயை இரும்புக் குழாயாக மாற்றி, எண்ணெய் தாங்கும் ரப்பர் வளையம் போட வேண்டும். சம்ப் சுவரில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கோடையில் சம்ப் காலியாக இருக்கும்போது வெளியிலிருந்து உள்ளே ஈரம் கசிந்தால், நல்ல தண்ணீரில் இதையும் கலந்து குடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு சிறிய கசிவு எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும் என்று ஒரு கணக்கு. இன்றைய பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். ஒரு லிட்டரில் 10 மில்லி, எடையில் 8.8 கிராம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆக, ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும்.

இருந்தாலும் பங்க்கின் மேல் பழி போடும் முன் வீட்டுக்குள் இருக்கிற மற்ற சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். படலத்தை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்புப் பாக்டீரியா. சென்னைக் கிணறுகளில் சகஜம். பிரிந்து மறுபடி ஓடி வந்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய். எண்ணெய் என்றாலும் சப்மெர்சிபிள் மோட்டாரின் சீல் போய் அதன் உள் எண்ணெய் வந்திருக்கலாம். அதில் பெட்ரோலின் காரமான வாடை இருக்காது. ஜெனரேட்டரின் டீசல் டேங்க், பக்கத்து மெக்கானிக் ஷெட், சம்ப்புக்குச் சமீபத்தில் அடித்த பெயிண்ட் எல்லாவற்றையும் பாருங்கள். பருவத்தோடு வந்து போகும் வாடை என்பதால் உங்கள் வழக்கில் இவை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

லேப் அறிக்கையைக் குப்பையில் போடுங்கள். லேப் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு. எண்ணெய், கிரீஸ் சோதனையில் தண்ணீரை ஒரு கரைப்பானில் கலக்கிப் பிரித்து, கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு, மிஞ்சுவதை எடை போடுவார்கள். பெட்ரோல் அந்தச் சூட்டிலேயே பறந்துவிடும், மிஞ்சாது. நீங்கள் கேட்க வேண்டியது பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன், எம்.டி.பி.இ. (பெட்ரோலில் கலக்கும் ஒரு பொருள்), நாப்தலீன் ஆகியவற்றைக் கேஸ் குரோமடோகிராஃப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் மைக்ரோகிராம் அளவில் அளக்கும் சோதனை. லேப்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற லேபாக இருந்தால் மட்டும் போதாது; இந்தச் சோதனைக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி அறிக்கைகள் கெடுகின்றன. மாடித் தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி ஆவியாகியிருக்கும். தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், பிளாஸ்டிக் பென்சீனை உறிஞ்சும். லேப் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் பூசிய மூடியோடு, ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு முட்ட நிரப்பி மூட வேண்டும். கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் அந்தக் குப்பி செல்லாது. குப்பிக்குள் லேப் போட்டுத் தரும் அமிலத்தைக் கொட்டிவிடாதீர்கள், பி.எச். 2-க்குக் கீழே இருந்தால்தான் வழியில் பாக்டீரியா பென்சீனைத் தின்னாது. ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டதை லேபிடம் சொல்லுங்கள், குளோரினை முறிக்கும் மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். கிணற்றில் மேல்மட்டத் தண்ணீரிலும், போரில் குழாய்த் தண்ணீரை ஓட விட்ட பிறகும், தனித்தனியாக எடுங்கள். லேபிலிருந்தே நிரப்பி வரும் சுத்த நீர்க் குப்பி ஒன்று கூடவே போய் வரட்டும். அதில் பென்சீன் தெரிந்தால் கோளாறு பயணத்தில் நடந்திருக்கிறது. பைக்குக்குப் பெட்ரோல் போட்ட கையோடு மாதிரி எடுத்தவர்கள் உண்டு.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மழையில் போன வாடை பங்குனியில் ஏன் திரும்பியது? பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, வழியெல்லாம் மணலில் ஒட்டிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டம் ஏறும்போது அந்த ஒட்டிய எண்ணெயில் பெரும்பகுதி மேலே வர முடியாமல், மணல் இடுக்குகளில் தண்ணீருக்கு அடியில் சிறைப்படும். கிணற்றில் படலம் காணாமல் போகும், புது மழைநீர் வாடையையும் மட்டுப்படுத்தும். மட்டம் மறுபடி இறங்கினால் சிறைப்பட்டது வடிந்து கிணற்றுக்கு வரும். ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஏறி இறங்கி, இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு மண் முழுவதும் எண்ணெய் பூசப்பட்டுவிடும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்டினாலும் பிசுக்கு அப்படியே இருக்குமல்லவா, அதுதான் உங்கள் கிணற்றை இறைப்பதும். மண்ணில் பூசியிருப்பதை எடுக்காதவரை தண்ணீர் சுத்தமாகாது. தூர் வாருவது, மருந்து போடுவது, உறையைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் அதற்கு அப்புறம் வர வேண்டிய வேலைகள்.

டீலர் கணக்குக் காட்டுகிறார் என்றீர்கள். அவர் உண்மையே பேசலாம். 20 கிலோலிட்டர் டேங்க், குறுக்கே 2 மீட்டர், நீளம் ஆறரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நிறைந்திருக்கும்போது, டேங்கில் இறக்கி மட்டம் பார்க்கும் டிப் ராடில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 13 லிட்டர். ராடைப் படிப்பதில் 2 மில்லிமீட்டர் பிசகு யாருக்கும் வரும். அங்கேயே 26 லிட்டர் மறைந்துவிட்டது. பெட்ரோல் 1 டிகிரி சூடேறினால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேலே விரியும். இதற்கு நடுவில் நாளுக்கு ஐந்து லிட்டர் கசிவு அன்றாடக் கணக்கில் தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போய், எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அமெரிக்க விதிகளில், கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இறுக்கச் சோதனை பிடிக்க வேண்டிய அளவே மணிக்கு 0.1 கேலன், அதாவது நாளுக்கு 9 லிட்டர்.

இன்னொன்று. கசிவது பல நேரம் டேங்க் அல்ல, டேங்குக்கும் பம்புக்கும் நடுவே போகும் பைப்பும் அதன் மூட்டுகளும்தான். டேங்க் மட்டும் சோதித்த சான்றிதழை நீட்டினால், பைப்புக்கான சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் நீர்மட்டம் மேலே வருவதால் மழைக்காலத்தில் ஓட்டை வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் போகும், கோடையில் எண்ணெய் வெளியே வரும். ராடின் நுனியில் தடவும் தண்ணீர் காட்டும் பசை மார்கழியில் நிறம் மாறியதா என்பது நல்ல துப்பு. ஆனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் வந்தால் எத்தனால் அதைக் கரைத்துக்கொள்ளும், பசை காட்டிக்கொடுக்காது.

கடைசியாக, காலக் கணக்கு. கடற்கரை மணலில் தண்ணீர் நாளொன்றுக்கு 10 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்தால் 70 மீட்டர் வர 700 நாள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முந்திய கசிவைத்தான் நீங்கள் இன்று முகர்கிறீர்கள். இடையில் பைப்பை மாற்றியிருந்தால் இன்றைய சோதனையில் டேங்கும் பைப்பும் தேறும். அதனால் பங்க் நிரபராதி என்று ஆகிவிடாது. ஐந்து ஆண்டுப் பழுதுபார்ப்புப் பதிவேடு இன்றைய சோதனையைவிட முக்கியம்.

திசையையும் ஊகிக்காதீர்கள். ‘தண்ணீர் கடலைப் பார்த்துத்தானே ஓடும்’ என்பார்கள். திருவான்மியூருக்குக் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். நடுவே மணல் மேட்டில் நீர்மட்டம் முதுகுபோல் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியலாம். அதன்மேல் ஒவ்வொரு அடுக்குமாடியின் மோட்டாரும் தன் பக்கம் இழுக்கும். இதைக் கண்டுபிடிக்கும் முதல் வேலையை நீங்களே செய்யலாம்: ஒரு நாள் விடியற்காலை, யாரும் மோட்டார் போடும் முன், அக்கம்பக்கத்தில் எட்டு, பத்துக் கிணறுகளின் நீர்மட்ட ஆழத்தை டேப்பில் அளந்து, சர்வேயரை வைத்துக் கிணற்று விளிம்புகளை ஒரே மட்டத்துக்குக் கணக்கிடுங்கள். 70 மீட்டரில் மொத்த வித்தியாசமே 15 சென்டிமீட்டர்தான் இருக்கலாம் என்பதால் கண்ணளவு உதவாது. எண்ணெய் மிதக்கும் கிணற்றில் அதன் பாரம் நீரை அமுக்கியிருக்கும். எண்ணெய்த் தடிமனில் முக்கால் பங்கை நீர்மட்டத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

முறையான ஆய்வு என்றால் கண்காணிப்புக் கிணறுகள் போட வேண்டும். திசை தெரியக் குறைந்தது மூன்று. உங்கள் இடத்துக்கு ஆறு கேட்பேன்: பங்க்குக்குத் தண்ணீர் வந்து சேரும் பக்கம் ஒன்று, டேங்க் குழியை ஒட்டி ஒன்று, பம்புகளை ஒட்டி ஒன்று, நடுவழியில் இரண்டு, உங்களைத் தாண்டி ஒன்று. நாலு அங்குல பி.வி.சி. குழாய் போதும். மூட்டுக்குப் பசை போடக் கூடாது, மரை திருகியே இணைக்க வேண்டும். பசையிலுள்ள கரைப்பான் சோதனையில் மாசாகக் காட்டும். எல்லாவற்றிலும் பெரிய தப்பு, தண்ணீர் உள்ளே வரக் குழாயில் துளையிடும் பகுதியின் மட்டத்தில்தான் நடக்கும். நீர்மட்டம் மழையில் 2 மீட்டர் ஆழத்திலும் கோடையில் 6 மீட்டரிலும் நிற்கிறது என்றால் துளைப் பகுதி 1 மீட்டரில் தொடங்கி 8, 9 மீட்டர் வரை போக வேண்டும். 5 மீட்டருக்குக் கீழே மட்டும் துளை வைத்தால் மார்கழியில் மிதக்கும் எண்ணெய் உள்ளே வர வழியே இல்லை. ‘எண்ணெய் காணப்படவில்லை’ என்று அழகாக எழுதிக் கொடுப்பார்கள். அறிக்கை வந்தால் முதலில் கிணற்று வரைபடத்தில் இந்த ஓர் எண்ணைப் பாருங்கள். கிணற்றில் 30 சென்டிமீட்டர் எண்ணெய் நின்றால் மண்ணிலும் அவ்வளவு என்று பயப்படவும் வேண்டாம். சுற்றிலும் இருப்பது வடிந்து சேர்வதால் கிணற்றில் எப்போதும் தடிமன் கூடுதலாகவே தெரியும்.

சுத்தம் செய்வது யார் என்பதைப் பிறகு பார்ப்போம். எப்படி என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால்தான் ஒப்பந்ததாரர் சொல்வதை எடைபோட முடியும்.

கசியும் இடத்தை நிறுத்திய மறுநாளே மிதக்கும் எண்ணெயை எடுக்கத் தொடங்கலாம். எண்ணெயை மட்டும் வழிக்கும் ஸ்கிம்மர், அல்லது எண்ணெய், தண்ணீர், ஆவி மூன்றையும் சேர்த்து உறிஞ்சும் வேக்குவம் அமைப்பு வேண்டும். சாதாரண சப்மெர்சிபிள் மோட்டாரைப் போட்டால் எண்ணெயைத் தண்ணீரோடு கடைந்து மோர்போல் ஆக்கிவிடும், பிரிக்க முடியாது. ரப்பர் சீல் ஊறிப்போகும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. எவ்வளவு உறிஞ்சினாலும் கொட்டியதில் பாதிகூட இந்த வழியில் வராது. மிச்சம் மணலில் ஒட்டியதுதான்.

ஒட்டியதை எடுக்க மணல் நிலத்தில் சிறந்த வழி ஆவி உறிஞ்சுதல். நீர்மட்டத்துக்கு மேலே துளையிட்ட குழாய்களை இறக்கி, தீப்பொறி வராத புளோயரால் மண்ணிடுக்குக் காற்றை இழுத்தால் பெட்ரோல் ஆவியாகி வரும். வரும் காற்றைக் கார்பன் டிரம்மில் வடிகட்டி விட வேண்டும். களிமண் நிலத்தில் இதே கருவி சும்மா ஓடிக்கொண்டிருக்கும். டீசல் என்றால் ஆவியாவது குறைவு. காற்று போவதால் பாக்டீரியா தின்று தீர்ப்பதே அங்கே பெரிய பலன். உங்களுக்கு மணலும் பெட்ரோலும் என்பது நல்ல சேர்க்கை. ஆனால் காலம் பார்க்க வேண்டும். கார்த்திகையில் நீர்மட்டம் மேலேறிக் குழாய்களை மூழ்கடித்துவிடும். எண்ணெய் பூசிய மண்ணும் தண்ணீருக்குள் ஒளிந்துகொள்ளும். மாசியிலிருந்து ஆவணி வரை, மட்டம் இறங்கி அந்த மண் காற்றுக்குத் திறந்திருக்கும் மாதங்கள்தான் வேலைக்காலம். அனுமதி, டெண்டர் என்று இழுத்து ஐப்பசியில் கருவியைக் கொண்டுவந்து இறக்கினால் ஓராண்டு வீண்.

தண்ணீருக்குள் இருக்கும் எண்ணெய்க்கு, கீழேயிருந்து காற்றை ஊத வேண்டும். நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் கீழே காற்று விட்டால் தண்ணீரின் எடையைத் தள்ளவே 0.4 பார் அழுத்தம் வேண்டும். மணலைத் திறக்க இன்னும் கொஞ்சம். பெரிய கம்ப்ரசரை வைத்து மூன்று, நான்கு பார் கொடுத்தால் மண் பிளந்து, காற்று அந்த ஒரே பிளவு வழியாக ஓடிவிடும். சுற்றியிருப்பது தொடப்படாமல் கிடக்கும். காற்று ஊதும்போது மேலே ஆவி உறிஞ்சியும் கட்டாயம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கிளம்பிய ஆவி உங்கள் லிஃப்ட் குழிக்குப் போகும். உறிஞ்சி நின்றால் ஊதியும் நின்றுபோகும்படி இரண்டையும் ஒரே இணைப்பில் கோத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்து விடுவது பழைய முறை. எண்ணெய் பிரிக்கும் தொட்டி, காற்றடிக்கும் கோபுரம், பிறகு அடுத்தடுத்து இரண்டு கார்பன் தொட்டிகள். மாசு பரவாமல் தடுத்து நிறுத்த இது நல்லது, ஒழிக்க அல்ல. உங்கள் இடத்தில் இரண்டு இடைஞ்சல்கள். பெட்ரோலைத் தின்னும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து தண்ணீரோடு வரும். கோபுரத்தில் காற்றுப் பட்டதும் துருவாகப் படிந்து சில வாரத்தில் அடைத்துவிடும். முன்னாலேயே இரும்பை நீக்க வேண்டும். இரண்டாவது, கடல் பக்கத்திலிருக்கிறது. அதிகமாக இறைத்தால் பெட்ரோலோடு உப்பும் வரும், அப்புறம் உப்பை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது. குறைவாக, இடைவிடாமல் இறைக்கவும், வாராவாரம் உப்பளவு பார்க்கவும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இறைப்பது மாசைப் பரவாமல் பிடித்து நிறுத்தும் என்பதால், உங்கள் கிணற்று மோட்டாரை நிறுத்துவது தற்காலிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் எண்ணெயை உங்கள் பக்கம் இழுத்தது அதுதான். நிறுத்தியதும் அது அடுத்த வீட்டுக் கிணற்றைப் பார்த்துப் போகலாம். பக்கத்து வீடுகளுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். மொட்டைமாடி மழைநீரை அந்தக் கிணற்றில் விடுகிறீர்கள் என்றால் இந்தப் பருவத்துக்கு முன்பே குழாயைத் திருப்பி, எதிர்ப்பக்க மூலையில் வேறு குழிக்கு விடுங்கள். மழைநீர் ஆக்சிஜன் கொண்டுவரும், நல்லதுதானே என்று சிலர் சொல்லலாம். கட்டுப்பாடில்லாமல் ஒரே இடத்தில் கொட்டும் தண்ணீர் மாசைக் கரைப்பதைவிடத் தள்ளிவிடுவதே அதிகம்.

இந்தச் செய்தி பரவியதும் பவுடர் விற்பவர்கள் வருவார்கள். பாக்டீரியாப் பவுடருக்குக் காசு கொடுக்காதீர்கள். பெட்ரோல் தின்னும் பாக்டீரியா உங்கள் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கிறது; பற்றாக்குறை ஆக்சிஜனுக்குத்தான். ஒரு கிராம் பென்சீனைத் தீர்க்க மூன்று கிராம் ஆக்சிஜன் தேவை. நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்குவது 8 மில்லிகிராமுக்கும் குறைவு. எத்தனால் கலந்த பெட்ரோலில் நிலைமை இன்னும் மோசம்: பாக்டீரியா முதலில் எத்தனாலைத் தின்று அந்தக் கொஞ்ச ஆக்சிஜனையும் காலிசெய்துவிடும், பென்சீன் தொடப்படாமல் நெடுந்தூரம் போகும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் வேறு பல மாசுகளுக்கு நல்ல மருந்து, பென்சீனை அது ஒன்றும் செய்யாது. ஹைட்ரஜன் பெராக்சைடு செய்யும். ஆனால் மிதக்கும் எண்ணெய் இருக்கும்போது ஊற்றினால் சூடும் ஆக்சிஜனும் பெட்ரோல் ஆவியும் ஒரே இடத்தில் சேரும். அது வெடிவிபத்துக்கான செய்முறை.

எப்போது முடிந்தது என்பது? கலிபோர்னியாவில் டேங்க் கசிந்த இடங்களை வைத்து 1995-ல் வந்த ஆய்வு ஒன்று, பென்சீன் மாசு பெரும்பாலும் 250 அடிக்குமேல் நீளாமல் தானே நின்றுவிடுகிறது என்றது. இதைக் காட்டி ‘விட்டுவிடுங்கள், தானே சரியாகும்’ என்று யாராவது சொன்னால், நீங்கள் இருப்பதே 230 அடியில் என்று சொல்லுங்கள். இயற்கையாகக் குறைகிறது என்று வாதிட வேண்டுமானால் கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், இரும்பு, சல்பேட், மீத்தேன் எல்லாவற்றையும் அளந்து, பென்சீன் இறங்குமுகத்தில் இருப்பதைப் பல பருவங்களுக்குக் காட்ட வேண்டும். கருவிகளை நிறுத்திய பின் அளவு மறுபடி ஏறுவது வழக்கம். ஆகவே நிறுத்தியதிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான்கு முறையாவது சோதிக்க வேண்டும். அதில் ஒன்று மார்கழியிலும் ஒன்று ஆடியிலும் விழ வேண்டும். மார்கழி மாதிரியை மட்டும் காட்டிக் கணக்கை முடிக்க விடாதீர்கள். எத்தனை ஆண்டு என்று கேட்டால், மாதக் கணக்கில் யாராவது பதில் சொன்னால் நம்பாதீர்கள். 2013-ல் தண்டையார்பேட்டை டி.எச். ரோடு பகுதியில் நிலத்தடிக் குழாய் கசிந்து வீட்டு போர்களில் எண்ணெய் வந்த விவகாரம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், ஆண்டுக்கணக்கில் நீண்டது.

செலவு உங்களுடையதல்ல. பெரும்பாலான பங்க்குகளில் டேங்கும் பைப்பும் எண்ணெய்க் கம்பெனியுடையவை, டீலர் நடத்துபவர் மட்டுமே. எனவே டீலரோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல் கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உங்கள் பகுதி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், பெட்ரோல் சேமிப்புக்கு லைசென்ஸ் தரும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நாள்வாரியாக வாடைக் குறிப்பு, நீர்மட்ட அளவு, பென்சீன் அறிக்கை மூன்றையும் இணையுங்கள். கேட்க வேண்டியவை: டேங்க், பைப் இரண்டுக்கும் இறுக்கச் சோதனை, ஐந்து ஆண்டு இருப்புக் கணக்கும் பழுதுப் பதிவேடும், பங்க் எல்லைக்குள் கண்காணிப்புக் கிணறுகள், சுத்தமாகும்வரை உங்களுக்கு மாற்றுக் குடிநீர். பங்க்கின் எரிபொருளையும் உங்கள் கிணற்று எண்ணெயையும் குரோமடோகிராஃபில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மாசுபட்ட இடங்களுக்கென்றே 2025-ல் மத்திய அரசு தனி விதிகளும் கொண்டுவந்திருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் போவதென்றால் பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதம், 15-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம். போன ஆடியிலேயே வாடை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.

மிச்சம் இருப்பது 200 அடி போர். வேண்டாம். மேலே எண்ணெய் மிதக்கும் மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே போகும் குழாய், மாசு இறங்குவதற்கு நீங்களே போட்டுத்தரும் வழி. சென்னையில் வழக்கமாக பாறை வரைக்கும் மண் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை இறக்கிவிட்டு, கேசிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சும்மா மண்போட்டு மூடுவார்கள். அந்த இடைவெளி வழியாகவே பென்சீன் பாறை வெடிப்புகளுக்குப் போய்விடும். மணலில் இருக்கும்வரை அதைத் தேடிப் பிடிக்கலாம், உங்கள் பக்கத்துச் சார்னோகைட் பாறையின் வெடிப்புக்குள் போனால் எந்தப் பக்கம் போயிற்று என்றே சொல்ல முடியாது. இருக்கிற 110 அடி போரும் இப்படித்தான் போடப்பட்டிருக்கும். அதன் தண்ணீரில் பென்சீன் தெரிந்தால், மேல் கேசிங்குக்குள் சின்னக் குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட்டும் ஐந்து சதவீதம் பெண்டோனைட் களிமண்ணும் கலந்த கூழைக் கீழிருந்து மேலாக நிரப்பி அடைத்துவிடுங்கள். மேலேயிருந்து கொட்டினால் நடுவில் சிக்கி வெற்றிடம் விடும். கிணற்றை மட்டும் மூட வேண்டாம். பூட்டோடு அப்படியே இருக்கட்டும், எண்ணெய் எடுக்கவும் அளவு பார்க்கவும் அது வேண்டியிருக்கும்.